ஒரு வண்டி நேரம்

அஞ்சம்மாள் மிளகாயைத் தொட்டு மூன்று நாளாகியிருந்தது. வெற்றிலை இல்லை, புகையிலை இல்லை, சுட்ட கருவாட்டுத் துண்டும் இல்லை. காலையிலும் மாலையிலும் உப்புக் குறைத்த கேழ்வரகுக் கூழ். இடையில் தாகமெடுத்தால் வெந்நீர். முடிச்சூர்ப் பக்கம் சம்பா அறுவடைக்குப் போன இடத்தில், மற்றப் பெண்கள் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழஞ்சோறு தின்னும்போது, அவள் வரப்பின் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து கூழைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

"இன்னா அஞ்சம்மா, வாய்க்கு வெரதமா?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"வெரதம் இல்லடி, வேலை. அவங்க வூட்ல சரக்கு எறங்கப் போவுது" என்று வேறொருத்தி பதில் சொன்னாள்.

களத்தில் சிரிப்பு எழுந்தது. அஞ்சம்மாள் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இரும்புலியூரிலிருந்து பல்லாவரம் வரை தெரிந்த செய்தியை மறுப்பதில் பொருளில்லை.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது; அறுபத்தெட்டாம் ஆண்டு, தை மாதம். அவள் கணவன் சம்பந்தம் ஏரியின் கோரைப் புதருக்குள் ஊறல் போட்டுப் பட்டைச் சாராயம் காய்ச்சுபவன். குத்தகைக்கு உழுத நிலம் மனைகளாகி, கல் நட்டுக் கயிறு கட்டப்பட்ட பிறகு அவன் இத்தொழிலுக்கு வந்தான். வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் பானையில் புளித்துக் கிடக்கும். நாள் பார்த்து அடுப்பேற்றுவான். அந்த வட்டாரத்தில் காய்ச்சுபவர்கள் வேறு ஐந்தாறு பேர் உண்டு. அவர்களில் சிலர் அவனைவிடக் கைத்திறன் உடையவர்கள். ஆயினும் கலியாணம், காதுகுத்து என்றால் சம்பந்தத்தின் குடிசையைத் தேடித்தான் வந்தார்கள். அதற்குக் காரணம் அவன் கையன்று, அவள் நாக்கு.

அஞ்சம்மாள் குடிப்பவள் அல்லள். பார்ப்பவள். புட்டியைக் குலுக்கி, கழுத்தோரம் எழும் நுரைமுத்துகள் எத்தனை நேரம் உடையாமல் நிற்கின்றன என்று பார்ப்பாள், அது வீரியம். இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்வாள், அது பட்டை. உடைந்த ஓட்டில் ஒரு கரண்டி ஊற்றிக் கொளுத்துவாள். நீலமாக எரிந்து முடிவில் ஓரம் மஞ்சளானால் சரி, தொடக்கத்திலேயே மஞ்சளானால் அழுக்கு. இவை மூன்றும் முடிந்த பிறகே வாய்.

காய்ச்சி இறக்கிய புதுச் சரக்கு முரடு. நுனி நாக்கில் முதலில் ஊசிகள் குத்தும். அவை அடங்குமுன் கருகிய வெல்லத்தின் இனிப்பு கன்னத்தின் உட்புறம் பரவும். நடு நாக்கில் பட்டையின் துவர்ப்பு அழுந்தும். பிறகுதான் நெருப்பு: அது தொண்டையில் தொடங்கி, நெஞ்சில் இறங்கி, விலாவில் போய் உட்காரும். மண்ணில் ஒரு மண்டலம் புதைத்து வைத்தால் இந்த நான்கும் ஒன்றோடொன்று சமாதானமாகிவிடும். ஆனால் போலீசுக்குப் பயந்து வாழ்கிறவனிடம் ஒரு மண்டலம் ஏது? ஆகையால் முரட்டுச் சரக்கையே அவள் மதிப்பிட வேண்டியிருந்தது. வெல்லம் பழையதா, கடுக்காய் கூடிவிட்டதா, கடைசியில் சொட்டும் புளித்த நீரைச் சம்பந்தம் ஆசைப்பட்டுச் சேர்த்துவிட்டானா என்பதையெல்லாம் அவள் நாக்கு பிரித்துச் சொல்லிவிடும். ஒரு சரக்கை நாக்கு ஒரு தடவைதான் புதிதாகப் பார்க்கும் என்பது அவள் கொள்கை. எனவே வாங்குகிறவர் எதிரில் அன்றி அவள் வாயில் வைப்பதில்லை.

அதிலும் ஒரு முறை இருந்தது. வரிசையாக வைத்த புட்டிகளில் ஒன்றை வந்தவர் தொட்டுக் காட்டுவார். அதைத் திறந்து அஞ்சம்மாள் ஒரு மடக்கு விழுங்குவாள். விழுங்கிவிட்டு வேலியோரம் நிற்பாள். ஏரிக்கு அப்பால், ரயில்மேட்டின் மீது ஒரு மின்சார வண்டி போகும். அது போய் அடுத்த வண்டி கண்ணில் படும்வரை அவள் தள்ளாடாமல் நின்றால் சரக்கு நல்லது. 'ஒரு வண்டி நேரம்' என்று அதற்குப் பெயர். கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிஷம். கெட்ட சரக்கு அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. பதினோரு ஆண்டுகளாக அது பொய்த்ததில்லை. பொய்ப்பதற்கு அதற்கு வாய்ப்பே வரவில்லை என்பதை ஒருவரும் எண்ணிப் பார்த்ததுமில்லை.

இம்முறை வந்திருந்த கேட்பு வழக்கமானதன்று. தாம்பரத்தில் ரயில்வே கிளார்க்காக இருந்த எட்மண்டின் தங்கை தபீதாளுக்குத் திங்கட்கிழமை கலியாணம். கோயிலில் ஓதி முடித்து, பந்தலில் பாதிரியாருக்கு எலுமிச்சை சர்பத்தும் கேக்கும் கொடுத்து அனுப்பிய பிறகு, வீட்டின் பின்புறம் மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்கென்று இருபத்து நான்கு புட்டி வேண்டும். எட்மண்ட் அதற்கு ஈடாகச் சொன்னது ஒரு வார்த்தை. தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். ரயில்வே இன்ஸ்பெக்டர் தன் பேச்சைத் தட்டமாட்டார். கலியாணம் நல்லபடியாக முடிந்ததும் சம்பந்தத்தை நேரில் அழைத்துக்கொண்டு போய் நிறுத்துவான்.

அன்றிலிருந்து சம்பந்தம் தண்டவாளத்தை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தான். அடுத்த வாரமே போலீஸ் கோரைப் புதருக்குள் இறங்கிற்று. பத்துப் பானைகளில் ஒன்பது உடைந்தன. மிஞ்சிய ஒன்று ஆறு புட்டி கொடுத்தது.

வெள்ளிக்கிழமை அந்தி சாய்கிற வேளையில், கூலி நெல்லைத் தலையில் சுமந்துகொண்டு அஞ்சம்மாள் வீடு திரும்பினாள். அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. சம்பந்தம் தானே குழம்பு வைப்பது தீபாவளிக்கு ஒரு முறை நடப்பது. சுவரோரம் புட்டிகள் நின்றன. எண்ண வேண்டிய அவசியம் இல்லாமலே அவை ஆறு அல்ல என்று தெரிந்தது.

"ஆறுதானேய்யா இருந்துச்சி?"

"காலைல ஆறு. இப்ப இருவத்தி நாலு. சாமி கண்ணத் தொறந்துச்சி."

"எந்தச் சாமி?"

"பல்லாவரம் சந்தைல கீற சாமி" என்று சம்பந்தம் சிரித்தான். "அங்க ஒரு ஆளு எனக்குப் பழக்கம். தோலுக்கு மெருகு போடற கொட்டாய்ல வேலை செய்யறான். ரெண்டு காலன் டின்னு குடுத்தான். நம்ம சரக்குல கலந்து, தண்ணி வுட்டு, சரி பண்ணிட்டேன். ஒன்னொன்னுத்துலயும் நம்ம பட்டை கால் பங்கு கீது."

தகர டின் அடுப்பங்கரை மூலையில் கிடந்தது. அஞ்சம்மாள் அதை விளக்கருகில் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தாள். அதன் வயிற்றில் ஒட்டியிருந்த காகிதம் கத்தியால் சுரண்டப்பட்டிருந்தது. சிவப்பு அச்சின் ஒரு துணுக்கு மட்டும் விளிம்பில் எஞ்சியிருந்தது.

"இத்த எதுக்குச் சொரண்டி கீறானுங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? வர்சொல்லவே அப்டித்தான் கீது."

"இன்னா சாமான்யா இது?"

"டாக்டரு ஊசி போடசொல்ல பஞ்சுல தொட்டுத் தேப்பாரே, ஜில்லுன்னு. அதான். ஸ்பிரிட்டு. ஆஸ்பத்திரி சாமான். நம்மளதவிட சுத்தம்."

"தோல் கொட்டாய்ல எதுக்குய்யா ஆஸ்பத்திரி சாமான்?"

"செத்த மாட்டுக்கு ஊசி போடறானுங்க. போவியா!"

அவள் சிரிக்காததைக் கண்டு அவன் எழுந்தான். ஒரு புட்டியை எடுத்துக் குலுக்கினான். முத்துகள் கழுத்தளவு எழும்பி நின்றன. வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றன என்றுகூடச் சொல்லலாம். பிறகு ஓட்டில் ஒரு கரண்டி ஊற்றித் தீக்குச்சி வைத்தான். நீலம். விளக்கைத் தள்ளி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற நீலம். ஓட்டின் மேல் காற்று நடுங்குவதுபோல் எரிந்து, ஓரத்தில் மஞ்சளே இல்லாமல் முடிந்தது. அவ்வளவு தெளிவான சுடரை அஞ்சம்மாள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பாத்துக்கினியா? எந்தக் கொம்பன் காச்சுனாலும் இந்த மாதிரி எரியாது."

"அதான் பயமா கீது" என்றாள் அவள். "நம்ம சரக்கு கால் பங்கு கீதுன்றியே, அதோட மஞ்ச எங்கய்யா போச்சு?"

"பேஜாரு பண்ணாத அஞ்சம்மா. நான் மூணு மணிக்கே ரெண்டு கிளாஸ் போட்டுப் பாத்துட்டேன். அதுக்கப்பறம் எத்தினி வண்டி போயிருக்கும், நீயே சொல்லு. கல்லு கணக்கா நிக்கிறேனா இல்லியா?"

நின்றுதான் இருந்தான். கண்கள் சிவந்திருந்தன; பேச்சு குழறவில்லை. மீனுக்குத் துணையாக மூன்றாவது கிளாஸையும் அவள் எதிரிலேயே ஊற்றிக்கொண்டான். அவளுக்குத் தட்டில் மீனில்லாத கூழ்.

"கேங்மேன்னா காக்கி டிரெஸ் குடுப்பான்" என்றான், முள்ளை உமிழ்ந்தபடி. "வருசத்துக்கு ஒரு பாஸ். உன்ன மதுரைக்கு இட்டுகினு போறேன். ஜன்னலோரம் குந்திகினு வா. வழியில டிக்கெட் கேட்டான்னு வெச்சுக்க, நீ ஒன்னும் பேசக்கூடாது. பாஸை எடுத்து இப்டி நீட்டணும்." கையை நீட்டிக் காட்டினான். "ஒரு நாளாவது நாய் கொலைச்சா எழுந்து ஓடாம தூங்கணும்டி."

அஞ்சம்மாள் எழுந்து டின்னை மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.

"நாளைக்கு நீ ஒன்னும் புதுசா செய்ய வாணாம். எப்பவும் போல ஒரு மடக்கு. ஒரு வண்டி நேரம். அவ்ளதான்."

"நாக்கு இன்னா சொல்லுதோ அத்தத்தான் சொல்லுவேன்."

"நாக்குக்கு நாளைக்கு ஒரு நாள் லீவு குடு."

சனிக்கிழமை பனியோடு விடிந்தது. தை மாதத்தில் அது புதிதன்று. ஏரியும் ரயில்மேடும் எதிர் வேலியும்கூடத் தெரியாதபடி வெள்ளை இறங்கியிருந்தது. வண்டிகள் சத்தமாக மட்டும் போயின. சம்பந்தம் விடியுமுன்னே இரண்டு முறை வாந்தியெடுத்திருந்தான். தலை பிளக்கிறது என்றான். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். மூச்சு, மூட்டை தூக்கியவனுடையதைப் போல ஆழமாக வந்தது.

"மீனு ஒத்துக்கல" என்றான்.

"மீனா?"

"பின்ன? வெறும் வயித்துல மத்தியானம் போட்டது வேற." சற்றுப் பொறுத்து, "இன்னிக்கிப் பனி ஜாஸ்திதான் இல்ல?" என்றான்.

"ஜாஸ்திதான்" என்றாள் அவள். அப்போது அது உண்மை.

இஞ்சி தட்டிப் போட்ட மோர் கொடுத்தாள், அதையும் கக்கினான். பின்னர் முற்றத்துக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட உரலின் மீது உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். அஞ்சம்மாள் முற்றத்தைப் பெருக்கினாள். புட்டிகளை வெளியே கொண்டுவந்து ஆறு ஆறாக நான்கு வரிசை வைத்தாள். வெந்நீரால் மும்முறை வாய் கொப்பளித்தாள். வைக்கும்போதும் கொப்பளிக்கும்போதும் ஒன்றையே நினைத்தாள்: ஒரு மடக்கு. ஒரு மடக்கில் யாரும் சாவதில்லை. அவன் மூன்று கிளாஸ் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். காக்கி டிரெஸ். ஜன்னலோரம். விழுங்கிவிட்டு நிற்பது என்று தீர்மானித்தாள்.

எட்டரைக்குப் பனி விலகத் தொடங்கிற்று. முதலில் எதிர் வேலி வந்தது, பிறகு ஏரி, பிறகு ரயில்மேட்டின் மின்கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்பது மணிக்கு மேகமற்ற வெயில் முற்றத்தை நிரப்பியிருந்தது.

எட்மண்ட் சைக்கிளில் வந்தான். பின் கேரியரில் அவன் தாய்மாமன் ஞானையா உட்கார்ந்திருந்தார்; பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

"மாமாவை ஏத்திக்கிட்டு வந்ததுல பின் டயர் செத்துப்போச்சு அக்கா" என்றான் எட்மண்ட், சைக்கிளை வேலியில் சாய்த்தபடி.

"ரோட்டைச் சொல்லுடா, என்னைச் சொல்லாதே. தங்கச்சி, சௌக்கியமா? நான் ஒரு வாரமா ஜெபம் பண்றேன், பெண்ணு நல்லா இருக்கணும்னு பாதி, இது நல்லா இருக்கணும்னு பாதி."

சம்பந்தம் உரலில் இருந்தபடியே கையைக் கூப்பினான். கூப்பிய கை ஞானையாவின் பக்கம் திரும்பியிருந்தது. "வாங்க எட்மண்ட் சார். கலியாண வேலையெல்லாம் ஜோரா நடக்குதா?"

ஞானையா வாய்விட்டுச் சிரித்தார். "எட்மண்டு! உன் வயசு எனக்கு வந்துடுச்சுடா. என்ன சம்பந்தம், காலையிலேயே ஏத்தியாச்சா?"

"ஒரு தமாசு சார்" என்றான் சம்பந்தம்.

அஞ்சம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வேலிப் பக்கம் இருந்தது; கண்கள் திறந்திருந்தன.

"மத்தியானம் கட்டை வண்டி வரும்" என்று எட்மண்ட் சொன்னான். "வாழை இலைக் கட்டுக்கு அடியில வெச்சு எடுத்துட்டுப் போயிடலாம். அக்கா, கோவிச்சுக்காதீங்க, கேக்கணும். சரக்கு கரெக்டா இருக்கும் இல்ல? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முப்பது பேரு. பேரு கெட்டுடக்கூடாது."

"அஞ்சம்மா பார்த்துக் குடுக்கிறதுல என்னடா சந்தேகம்?" என்றார் ஞானையா. "போன வருஷம் குரோம்பேட்டைல நடந்துச்சே, அந்த மாதிரி ஆளுங்ககிட்ட போனாத்தான் வம்பு."

"அது இன்னா சார்?" என்றாள் அஞ்சம்மாள்.

"உனக்குத் தெரியாது? நாற்காலிக்குப் பூசற பாலீஷை வடிகட்டிக் குடிச்சிருக்கானுங்க, தச்சு வேலை செய்யற நாலு பேர். சாயங்காலம் குடிச்சானுங்க. ராத்திரி பாட்டு, கூத்து, எல்லாம் ஆச்சு. ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்லை. மறுநாள் காலையில மேஸ்திரி எழுந்து பெண்டாட்டியைக் கேக்கிறானாம், 'ஏண்டி, செவுத்துக்கெல்லாம் எப்பச் சுண்ணாம்பு அடிச்சே, எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கே'ன்னு. செவுரு மண் செவுரு! அப்படியே கண்ணு போச்சு. ரெண்டு பேர் செத்துட்டான்."

அவர் அதையும் சிரிப்பாகவே சொன்னார்; சிரிப்பாகச் சொல்லிப் பழகிப்போன கதை. எட்மண்டும் பாதி சிரித்தான். சம்பந்தம் சிரிக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த தலையை மெல்ல நிமிர்த்தினான்.

"அது வார்னீசு சார்" என்றான். "வாடையே காட்டிக் குடுத்துடும். இது அது இல்ல."

"மறுநாளா சார்?" என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

"மறுநாள்தான். அதாம்மா விசேஷம்."

"அஞ்சம்மா" என்றான் சம்பந்தம். "சார் நிக்கிறாரு பாரு. ஆரம்பி."

எட்மண்ட் குனிந்து, இரண்டாம் வரிசையில் நடுவிலிருந்த புட்டியைத் தொட்டான். அஞ்சம்மாள் அதை எடுத்து, துணியடைப்பை உருவினாள். குலுக்கினாள். முத்துகள் நின்றன. "அடேயப்பா" என்றார் ஞானையா. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாள். பட்டை இருந்தது, ஆனால் தூரத்தில், அடுத்த வீட்டில் கொதிக்கிற குழம்பைப் போல. கை சில்லிட்டு உடனே உலர்ந்தது. சுடரை நேற்றே பார்த்தாயிற்று.

கிளாஸில் ஊற்றி, ஒரு மடக்கு வாயில் வாங்கினாள்.

ஊசிகள் வந்தன, எண்ணிக்கையில் குறைவாக. வெல்லம் வந்தது; கருகல் இல்லாமல், யாரோ சொல்லிக்கொடுத்ததைப்போல மெல்லிய இனிப்பு. நடு நாக்கில் துவர்ப்பு தொட்டுவிட்டு விலகிற்று. அதன் பிறகு நெருப்புக்காக அவள் காத்திருந்தாள். புதுச் சரக்கு, இத்தனை முத்துக் கட்டிய சரக்கு, கன்னத்தைப் பொசுக்க வேண்டும். கண்ணில் நீர் முட்ட வேண்டும். முட்டவில்லை. சுட வேண்டிய இடத்தில் வெறும் குளிர்ச்சி இருந்தது. கதவைத் திறந்தால் அறை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாததைப் போல. கெட்ட நாற்றமில்லை, கசப்பில்லை, குற்றம் என்று விரல் வைத்துக் காட்ட எதுவுமில்லை. பதினோரு ஆண்டுகளில் அவள் வாயில் வைத்தவற்றுள் இதுவே மிகவும் சாதுவானது.

ரயில்மேட்டில் தாம்பரத்தை நோக்கி ஒரு வண்டி போயிற்று. இனி அவள் விழுங்கவேண்டும். எட்மண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஞானையா, அடுத்து தமக்குத்தான் என்பது போல, மீசையை இருபுறமும் ஒதுக்கிவிட்டு உதட்டை நனைத்துக்கொண்டார். அவருடைய உதடுகளை அஞ்சம்மாள் பார்த்தாள்.

திரும்பி, அடுப்புச் சாம்பல் கொட்டிய குழியில் துப்பினாள்.

இரண்டாவது தடவையும் துப்பினாள். சொம்பு நீரால் கொப்பளித்து மூன்றாவது தடவையும். அவள் துப்பி அங்கு யாரும் பார்த்ததில்லை.

"என்ன அக்கா?" என்றான் எட்மண்ட்.

"குடுக்க முடியாது சார். ஒரு புட்டியும் குடுக்க முடியாது."

"ஏய்!" என்று சம்பந்தம் உரலை விட்டு எழுந்தான். "இன்னா பண்ண? துப்புனியா? துப்புற சத்தமா அது?"

"துப்புனேன். இது நம்ம சரக்கு இல்ல சார். பல்லாவரத்துல, தோல் கொட்டாய்ல வாங்கியாந்தது. டின்னு உள்ள கீது, வேணும்னா பாத்துக்குங்க. வேலை குடுத்தா குடுங்க, குடுக்காட்டி போங்க. முப்பது பேருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"கெடுத்தாளே பாவி!" என்றான் சம்பந்தம். "சார், அவ சொல்றத நம்பாதீங்க. பொம்பளைக்கு மிரட்சி. நான் குடிச்சிருக்கேன் சார். நேத்து மூணு மணிக்குக் குடிச்சேன், ராத்திரி சாப்பாட்டுக்குக் குடிச்சேன். இருவது வண்டி போயிருக்கும், முப்பது வண்டி போயிருக்கும். பாருங்க, நிக்கிறேன்! இன்னாதான் ஆயிப்போச்சு எனக்கு? அந்தக் கிளாஸைக் குடுங்க, உங்க எதிர்ல குடிக்கிறேன்."

கிளாஸ் அவள் வைத்த இடத்தில், அம்மிக்கல்லின் மேல், வெயிலில் இருந்தது. சம்பந்தம் இரண்டடி வைத்து அதை நோக்கிக் கையை நீட்டினான். கை கிளாஸுக்கு ஒரு சாண் இப்பால் காற்றை மூடிற்று. விரல்களைத் திறந்து, மறுபடியும் நீட்டினான். புறங்கை பட்டுக் கிளாஸ் உருண்டது. அதிலிருந்தது மண்ணில் பரவி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்துபோயிற்று.

ஞானையாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "எட்மண்டு" என்றார் தாழ்ந்த குரலில். "சைக்கிளை எடு. ரோட்டுக்குப் போய் ஒரு டாக்சியை நிறுத்து. ஓடுடா."

எட்மண்ட் ஓடினான்.

"எதுக்கு டாக்சி? யாருக்கு?" என்றான் சம்பந்தம். "சார், போவாதீங்க. முறைன்னு ஒன்னு கீது இல்ல? ஒரு வண்டி நேரம். அடுத்த வண்டி வர வரிக்கும் நான் இப்டியே நிக்கிறேன். வண்டி வரட்டும், அப்பறம் சொல்லுங்க."

அவன் வேலியோரம் தடவிப் போனான். அவள் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே, ரயில்மேட்டைப் பார்த்து, மார்பை நிமிர்த்தி நின்றான். அஞ்சம்மாள் அவனுக்கு எதிரில் போய், அவன் முகத்துக்கு நேராக நின்றாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் பார்வை அவளுக்குள் புகுந்து அப்பால் எங்கோ போய்க்கொண்டிருந்தது. கண்மணிகள் இரண்டும் அகன்று, வெயிலுக்குச் சுருங்காமல் நின்றன.

"அஞ்சம்மா" என்றான், அவள் எங்கோ பின்னால் இருக்கிறாள் என்று எண்ணியவனாய்.

"இங்கதான் கீறேன்."

வண்டி வந்தது. கடற்கரை ஸ்டேஷனை நோக்கிப் போகிற வண்டி. வாசற்படிகளில் தொங்குபவர்களின் சட்டை நிறங்கள்கூட ஏரிக்கு இக்கரையில் தெரிந்தன. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் ஒன்று எழும்பி, வண்டி போனதும் திரும்ப உட்கார்ந்தது. சம்பந்தம் சத்தம் போன வழியே வலமிருந்து இடமாகத் தலையைத் திருப்பினான்.

"வந்துடுச்சி இல்ல?" என்றான். "சத்தம் கேக்குது."

பிறகு கையை நீட்டி, காற்றில் துழாவி, அவள் தோளைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டான்.

"பனி இன்னும் வெலகலதானே, அஞ்சம்மா?"

முற்றத்தில் வரிசையில் மிஞ்சிய இருபத்து மூன்று புட்டிகளின் நிழல்களும் தனித்தனியாக, கோடு கிழித்தாற்போல் விழுந்திருந்தன.